ஒரே அறையில் இரண்டு வெளிச்சம்

நில அளவை அலுவலகத்தில் அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பழைய காகித வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை அவளுக்கு. மற்றவர்கள் ஒன்றை முடித்து முதுகை நிமிர்த்துவதற்குள் அவள் அடுத்ததில் பாதி வந்திருப்பாள்.

வேலை இருவர் சேர்ந்து செய்வது. ஒருவர் காகிதத்தைப் பார்த்து எல்லைக்கோட்டின் நீளம், மூலைக்கல்லின் எண், பக்கத்து நிலத்தின் எண் என்று வாசித்துக்கொண்டே போவார். இன்னொருவர் அதைத் திரையில் கோடாக இழுப்பார். அவளுக்கு வாசிக்க வாய்த்தவர் ஓய்வுபெறச் சில வருடங்களே மீதமிருந்த மனிதர். கையை விட்டு உருப்பெருக்கிக் கண்ணாடி இறங்காது. அதனால் நேரில் ‘சார்’, அந்தப் பக்கம் திரும்பினால் ‘பூதக்கண்ணாடி’. இருவருக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது, சண்டையும் கிடையாது. அவர் வாசிப்பார், அவள் இழுப்பாள், டீ வந்தால் குடிப்பார்கள்.

ஒரு காலையில் அவள் வேலைக்குப் போகிற பஸ் சடாரென்று பிரேக் போட்டது. நின்றுகொண்டிருந்தவளின் நெற்றி சீட்டுக் கம்பியில் போய் மோதியது. ரத்தம் இல்லை, மயக்கமும் இல்லை. நெற்றி மட்டும் புடைத்துக்கொண்டது. கைக்குட்டையில் ஐஸை வைத்து அழுத்திக்கொண்டே அன்றைக்கு வேலையும் பார்த்தாள்.

வீக்கம் வடிந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. திரையின் வெள்ளைப் பகுதி கண்ணைக் குத்தியது. ட்யூப்லைட்டுக்கு அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் புருவத்துக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து நெட்டுவது போல வலித்தது. பிறகு குமட்டல். எதிரே வருகிற வண்டியின் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்தால் கூட நின்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தது.

“தலைக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. நான் சொன்னப்ப மட்டும் கோவிச்சுக்கிட்டே” என்றார் கணவர். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறவர். பயந்த ஆட்களைச் சிரிக்கவைத்துத்தான் அவருக்குப் பழக்கம். அவள் சிரிக்கவில்லை. அவரும் அதன் பிறகு அந்த ஜோக்கைச் சொல்லவில்லை.

நரம்பு டாக்டர் மட்டும் விளக்கினார். “அடிபட்ட தலை சில பேருக்கு வெளிச்சத்தைத் தாங்காதும்மா. சில பேருக்குச் சீக்கிரம் சரியாகும். சில பேருக்கு இழுக்கும்.” மாத்திரை எழுதிக் கொடுத்து லீவு போடச் சொன்னார்.

லீவில் அவள் வீட்டை இருட்டாக்கினாள். ஜன்னல் திரைக்கு மேல் போர்வையைத் தொங்கவிட்டாள். வீட்டுக்குள்ளேயே கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். குளிக்கப் போகும்போதுதான் அதைக் கழற்றினாள். மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டாள். கணவர் சாயங்காலம் உள்ளே வரும்போது நாற்காலியில் இடித்துக்கொண்டு, “நம்ம வீட்டுக்குள்ள வர்றதுக்கே ஹெட்லைட் வேணும் போல” என்று முனகினார். அவருடைய அக்கா போனில் விசாரித்தாள்.

“எல்லாம் மனசுதான். நாலு இடத்துக்குப் போயிட்டு வந்தா சரியாப் போயிடும்.”

“நாலு இடத்துக்குப் போனாத்தான் அண்ணி வலிக்குது.”

“அப்படி நெனைக்காதே. நெனச்சாத்தான் வலிக்கும்.”

அவள் போனை மேசையில் வைத்துவிட்டு, அண்ணி பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

இருட்டில் முதலில் சுகமாக இருந்தது. பிறகு இருட்டும் போதவில்லை. கதவிடுக்கில் விழுகிற கோடு போன்ற வெளிச்சம் கூட உறுத்தத் தொடங்கியது. லீவு தீர்ந்தபோது, போனதைவிட மோசமான கண்களோடுதான் அவள் அலுவலகத்துக்குத் திரும்பினாள்.

அவர்களுடைய அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் அவளுடைய நாற்காலிக்கு நேர் பின்னால். கூரையில் நான்கு ட்யூப்லைட். பழசு, எரியும்போது வண்டு போல ரீங்கரிக்கும். முதல் நாள் வந்ததும் நான்கையும் அணைத்தாள். திரையின் வெளிச்சத்தைப் பட்டனை அமுக்கி அமுக்கி அடிமட்டத்துக்குக் கொண்டுபோனாள். பூதக்கண்ணாடி உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றார்.

“யாரு லைட்டை அணைச்சது?”

“நான்தான் சார். கண்ணு கூசுது.”

“உனக்குக் கூசுது, எனக்குத் தெரியல. பேப்பரைத் தடவிப் பாத்தா வாசிக்கிறது?”

சுவிட்சைப் போட்டார். அவள் வேலை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மறுநாள் மறுபடி அணைத்தாள். அவர் மறுபடி போட்டார். டீ குடிக்கப் போகிறவர் திரும்பி வருவதற்குள் அறை இருண்டிருக்கும். அவள் பைல் எடுக்கப் போய் வருவதற்குள் பளீரென்று எரியும். பேச்சும் குறைந்தது. பியூன் ஒரு நாள் எட்டிப் பார்த்து, “இங்க மட்டும் கரண்ட் வந்து வந்து போகுதே, ஆளைக் கூப்பிடவா?” என்று கேட்டான். அவன் மூலம்தான் இன்னொன்றும் அவள் காதுக்கு வந்தது. அவள் நடிக்கிறாள், வேலைக்கு டிமிக்கி கொடுக்க வழி பார்க்கிறாள் என்று சார் சொன்னாராம். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் இரண்டு ட்யூப் எரியலாம், இரண்டு கூடாது என்று அரைமனதாக ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இருவருக்கும் போதாத ஏற்பாடு. அவளுக்குத் தலை வலித்தது. அவர் ஒவ்வொரு எண்ணுக்கும் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, இறக்கி, மறுபடி தூக்கினார்.

அப்படி இருக்கையில்தான் ஒரு விவசாயி அச்சடித்த வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து கவுன்டரில் விரித்தார்.

“என் கிணறு பக்கத்துக்காரன் நிலத்துல இருக்கு. உங்க படம் வர்ற வரைக்கும் என் நிலத்துலதான் இருந்துச்சு. எந்திரிச்சு நடந்து போச்சா?”

எடுத்துப் பார்த்தார்கள். காகிதத்தில் எட்டு என்று இருந்த இடத்தில் கம்ப்யூட்டரில் ஆறு. எல்லைக்கோடு உள்ளே நகர்ந்து கிணற்றை வெளியே தள்ளியிருந்தது. வரைபடத்தின் கீழே இருவருடைய கையெழுத்தும் இருந்தது. அதிகாரியம்மா இருவரையும் கூப்பிட்டார்.

அவருடைய அறை மூன்று பக்கமும் கண்ணாடி. வெயில் மேசை மேல் கிடந்தது.

“முதல்ல அந்தக் கருப்புக் கண்ணாடியைக் கழட்டுங்க. யாரோட பேசுறேன்னே தெரியல” என்றார்.

கழற்றினாள். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. அதிகாரியம்மாவின் குரல் உடனே இறங்கிவிட்டது.

“அட, இதுக்குப் போய் ஏன் அழறீங்க?”

“அழல மேடம். வெளிச்சத்துக்கு வருது.”

“சரி, போட்டுக்கோங்க. சொல்லுங்க, யார் தப்பு?”

பூதக்கண்ணாடி சட்டைப் பைக்குள் இருந்த உருப்பெருக்கியை வெளியிலிருந்தே விரலால் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் ஆறு என்று வாசித்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏனென்றால் அந்த எண்ணுக்கு அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அறை வெளிச்சமாக இருந்தபோதும் இந்த மனிதர் இப்படித்தான் தடுமாறிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணே சரியில்லை. அது வெளியே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

சொல்லிவிடலாம். நடிக்கிறாள் என்று சொன்ன வாய்க்கு இது சரியான பதிலாகவும் இருக்கும். அந்த எண்ணம் அவளுக்கு வரத்தான் செய்தது.

“ரூம்ல வெளிச்சம் சரியில்ல மேடம்” என்றாள். “எனக்கு அதிகம், சாருக்குக் கம்மி. ரெண்டு பேரையும் ஒரே லைட்டுக்கு அடியில உக்கார வச்சா இப்படித்தான் ஆகும்.”

“அதுக்கு ஆளுக்கொரு சூரியனா வாங்கித் தர முடியும்?”

“ஸ்டோர் ரூம் சாவி குடுங்க மேடம். பழைய விளக்கு, ஸ்கிரீன் எல்லாம் அங்க கிடக்கு. அது போதும்.”

அதிகாரியம்மா அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சாவியை எடுத்து நீட்டினார். “இன்னொரு கிணறு நடந்துச்சுன்னா ரெண்டு பேருக்கும் கவுன்டர்தான்.”

கவுன்டர் என்பது வாசல் பக்கத்துக் கூடம். தலைக்கு மேல் விளக்குக் கூட்டம், கையில் பொடி எழுத்து விண்ணப்பங்கள். இருவருக்குமே ஆகாத இடம்.

தாழ்வாரத்தில் நடக்கும்போது அவர் கேட்டார், “ஆறுன்னா சொன்னேன்?”

“ஆமா சார்.”

“உள்ளேயே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லி?”

அவர் உருப்பெருக்கியைப் பையிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டே கூட நடந்தார்.

அந்த வாரக் கடைசியில் அவள் கண் டாக்டரிடம் போனாள். நரம்பு டாக்டர் பார்க்கச் சொன்ன அம்மா. கண்ணைப் பரிசோதித்துவிட்டு, கையிலிருந்த கருப்புக் கண்ணாடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“வீட்டுக்குள்ளயும் இதேதானா?”

“ஆமா டாக்டர்.”

“அதான். கண்ணை இருட்டுக்குப் பழக்கிட்டீங்க. இனிமே அதுக்குச் சின்ன வெளிச்சமும் பெருசாத் தெரியும். இதை வெயில்ல மட்டும் போடுங்க. உள்ள இருக்கும்போது லேசா சாயம் ஏத்தின கண்ணாடி தர்றேன். அதையும் மெதுவாக் குறைச்சுக்கிட்டே வரணும். அவசரப்படாதீங்க.”

திரையைப் பற்றி அவள் கேட்டாள். வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தும் வலிக்கிறது என்றாள்.

“குறைக்கிறதாலதான் வலிக்குதோ என்னவோ” என்றார் டாக்டர். “சில ஸ்கிரீன்ல பட்டனை அமுக்கினா வெளிச்சம் நிஜமாக் குறையாது. படுவேகமா அணைஞ்சு அணைஞ்சு எரியும். கண்ணு அதைப் பாக்காது, மங்கலா இருக்குன்னு நினைச்சுக்கும். சில தலைக்கு அது ஆகாது. போன் கேமராவை ஸ்கிரீன் பக்கத்துல பிடிச்சுப் பாருங்க. கறுப்புப் பட்டை ஓடுச்சுன்னா சந்தேகப்படுங்க. ஓடலைன்னா நல்ல ஸ்கிரீன்னு அர்த்தம் இல்ல. அது உக்காந்து வேலை பாத்துத்தான் தெரியும்.”

மறுநாள் போய் முதல் வேலையாகப் போனைத் திரைக்கு நேராகப் பிடித்தாள். முழு வெளிச்சத்தில் படம் சுத்தமாக இருந்தது. பட்டனை அமுக்கிக் குறைத்தாள். தடித்த கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடத் தொடங்கின. இன்னும் குறைத்தாள், இன்னும் தடித்தன. இத்தனை நாளும் வலிக்கிறது வலிக்கிறது என்று குறைத்து, எங்கே அதிகம் வலிக்குமோ அங்கேயே போய் உட்கார்ந்திருக்கிறாள். பூதக்கண்ணாடியும் எட்டிப் பார்த்தார். போனை வாங்கித் தன் தலைக்கு மேல் இருந்த ட்யூப்லைட்டைப் பார்த்தார். அதிலும் பட்டை ஓடியது.

“இது வெளிச்சமே இல்லையேம்மா, காத்தாடி” என்றார். சண்டை தொடங்கிய பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

ஸ்டோர் ரூமில் கழித்துப்போட்ட திரைகள் குவிந்து கிடந்தன. பியூன் ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தான். முதலில் வந்தது பளபளவென்று இருந்தது. வரைபடத்துக்குப் பதில் அவளுடைய முகமும் பின்னால் இருந்த ஜன்னலும்தான் அதில் தெரிந்தன. அடுத்தது பெரியது, அகலமானது, நீலம் பாய்ந்த வெள்ளை. அதன் முன்னால் டீ ஆறுகிற நேரம் கூட உட்கார முடியவில்லை. இன்னொன்று கேமராவில் தேறியது, ஆனால் எழுத்தெல்லாம் ஓரத்தில் கசிந்தது. கடைசியில் தேறியது சின்னது, பழசு, மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி வேறு. மேற்பரப்பு சொரசொரவென்று இருந்ததால் எதுவும் பிரதிபலிக்கவில்லை. எவ்வளவு குறைத்தாலும் பட்டை ஓடவில்லை. ஒரு நாள் முழுக்க அதில் வேலை செய்து பார்த்தாள். வலி போகவில்லை. பாதியாகக் குறைந்தது. வீட்டுக்குப் போனபோது சாப்பிட முடிந்தது.

வெள்ளைப் பின்னணியைச் சாம்பலாக மாற்றினாள். முழுக் கறுப்பும் வைத்துப் பார்த்தாள்; கண்ணை மூடினால் கோடுகள் இமைக்குள்ளேயும் நின்றன. வேண்டாம் என்று விட்டுவிட்டாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். ஜன்னல் பக்கவாட்டில் வருகிற மாதிரி மேசையைத் திருப்பினாள். திரை மட்டும் எரிந்து சுற்றிலும் இருட்டாக இருந்தால் அதுவும் உறுத்தியது. ஆகவே திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன மஞ்சள் விளக்கு வைத்தாள்.

இனி சாருடைய வெளிச்சம். தலைக்கு மேல் நான்கு ட்யூபையும் கழற்றச் சொல்லிவிட்டு, மேலே மூடி போட்ட மேசை விளக்கு ஒன்றை அவர் பக்கம் பொருத்தினார்கள். முதலில் போட்ட பல்பில் கேமராவில் பட்டை ஓடியது, மாற்றினார்கள். அவருக்குப் பரம திருப்தி. ஆனால் விளக்கு காகிதத்தில் பட்டு, காகிதம் அந்த வெளிச்சத்தை அப்படியே அவள் முகத்தில் அடித்தது. நடுவில் ஓர் அட்டையை நிறுத்தினார்கள். வெளிச்சம் நின்றது, மின்விசிறிக் காற்றும் நின்றது. அவர் வியர்த்துக் கொட்டினார். அட்டையை எடுத்தார்கள். மேசைகளை எல்லாத் திக்கிலும் இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் முதுகோடு முதுகாக உட்கார்ந்தார்கள். அவர் அந்தச் சுவரைப் பார்த்துக் காகிதத்தை வாசித்தார். அவள் இந்தச் சுவரைப் பார்த்துக் கோடு இழுத்தாள்.

“குடும்பக் கோர்ட்டு வாசல்ல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு” என்றான் பியூன்.

“அங்கே டீ குடுக்க மாட்டாங்க. நீ குடு” என்றார் பூதக்கண்ணாடி.

கிணறு உரியவரின் நிலத்துக்குத் திரும்பியது. சார் வாசிப்பார், அவள் அதையே திருப்பிச் சொல்வாள், அவர் ‘ம்’ சொன்ன பிறகுதான் இழுப்பாள். வேகம் குறைந்தது. எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆகிவிட்டதாக அலுவலகத்தில் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

ஆனாலும் அவர் அவ்வப்போது நின்றுபோனார். ஒரு மத்தியானம் நாற்காலியைத் திருப்பி, காகிதத்தையும் உருப்பெருக்கியையும் நீட்டினார்.

“இது என்ன எண்ணும்மா?”

அவள் உருப்பெருக்கி இல்லாமலே பார்த்தாள். மசி கொஞ்சமும் மங்கவில்லை.

“சார், லைட் போதும். கண்ணைத்தான் காட்டணும்.”

“இன்னும் கொஞ்ச காலம். ஓட்டிட்டேன்னா…”

“வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு பயமா?”

“பயம்னு இல்ல” என்றார். பிறகு, “ஆமா” என்றார்.

அடுத்த முறை அவள் டாக்டரிடம் போனபோது அவரையும் கூட்டிப்போனாள். புரை. இரண்டு கண்ணிலும் முற்றியிருந்தது. ஆபரேஷன் ஒவ்வொரு கண்ணாக நடந்தது. எல்லாம் முடிந்து, முகத்தில் பாதியை மறைக்கிற கருப்புக் கண்ணாடியோடு அவர் அறைக்குள் வந்தார். வந்ததும் தன் விளக்கைத் தானே அணைத்தார்.

“ஏம்மா, இந்த ரூம்ல இவ்வளவு வெளிச்சமா இருந்துச்சு?”

“இருந்துச்சு சார்.”

கருப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். “அந்தச் சுவர் என்ன, வெள்ளையா? மஞ்சள்னுல்ல நினைச்சிருந்தேன்.” நாற்காலியில் உட்கார்ந்தார். “நீ நடிக்கிறேன்னு பியூன்கிட்ட சொன்னேன்.”

“தெரியும் சார்.”

“யார் சொன்னது?”

“பியூன்தான்.”

சில வாரங்களில் அவருக்குக் கண்கூச்சம் போய்விட்டது. கருப்புக் கண்ணாடி மேசை அறைக்குள் போனது. உருப்பெருக்கியும் தேவைப்படவில்லை. ஒரு நாள் ஜன்னலருகே நின்று, எதிர்க் கட்டடத்துச் சுவரில் இருந்த விரிசல்களைக் கூட வாய்விட்டு எண்ணினார். அவள் அன்றைக்கு இன்னும் லேசான சாயக் கண்ணாடிக்கு மாறி, அது தாங்காமல் பழையதை எடுத்து மாட்டியிருந்தாள். அவருக்குக் கண்கூச்சம் வந்து போன விருந்தாளி. தனக்குக் குடித்தனமே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அவர் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. கணவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அவர் நம்பவில்லை, தோண்டவும் இல்லை.

பிறகு மகளின் படிப்புக்காக வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. கடைக்குக் கணவரோடு போனாள். வரிசையாக எரிந்துகொண்டிருந்த திரைகள் ஒவ்வொன்றையும் குறைக்கச் சொல்லி, போனைப் பக்கத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள்.

“பழைய கார் வாங்குறவன் கூட இவ்வளவு குனிஞ்சு பாக்க மாட்டான்” என்றார் கணவர்.

கடைக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். “எல்லாரும் பளிச்சுன்னு காட்டச் சொல்லுவாங்க மேடம். நீங்கதான் மங்கலாக் காட்டச் சொல்றீங்க.”

“கொண்டுபோய்ப் பாத்துட்டு ஒத்துக்கலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா?”

“அதெல்லாம் வழக்கமில்ல.”

“அப்போ வேணாம்” என்று திரும்பினாள். கடையில் வேறு ஆள் இல்லை. வாசலைத் தாண்டுவதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார்.

முதலில் எடுத்துப்போனதில் கேமராவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மறுநாளே அவளுக்குத் தலை தெறித்தது. ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. திருப்பிக் கொடுத்து வாங்கிவந்த இரண்டாவது திரைதான் வீட்டில் நின்றது. மகளுக்கு முதலாவதுதான் பிடித்திருந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் வெயிலில் நடப்பாள், தொப்பியோடு. சினிமாவுக்குப் போவதில்லை. பெரிய கடைகளுக்குக் கணவர் போய் வருகிறார். சொன்னதில் பாதியையும் சொல்லாததில் நிறையவும் வாங்கி வருவார். மோசமான நாட்கள் இன்னமும் வருகின்றன. அன்றைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஸ்டோர் ரூமில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வருவாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மேல்மாடிக் கணக்கர் ஒற்றைத் தலைவலிக்காரர். அவளிடம் வந்து எந்தத் திரை வாங்கலாம் என்று கேட்டார். “என் தலைக்கு ஒத்துக்கிட்டது உங்க தலைக்கு ஒத்துக்கணும்னு இல்ல சார். உக்காந்து பாருங்க” என்று தன் நாற்காலியை விட்டு எழுந்தாள். அவருக்கு அந்தச் சின்னத் திரை ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய நீலத் திரையை எடுத்துப்போய் சௌக்கியமாக இருக்கிறார்.

அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறப்போவதாகப் பேச்சு வந்தது. அதிகாரியம்மா அவரவர் போய் அறையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அவளும் சாரும் சேர்ந்து போனார்கள். கூரையெங்கும் சதுரம் சதுரமாக வெள்ளை விளக்குப் பலகைகள். அவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போக, அவர் ஒவ்வொரு அறையிலும் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். முன்பக்கத்து நல்ல அறைகளில் எல்லா விளக்குக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். தாழ்வாரத்தின் கோடியில் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் அறை இருந்தது. நேர் வெயில் விழாத ஜன்னல். பட்டை ஓடாத விளக்கு. வரிசைக்கு ஒரு சுவிட்ச்.

“இது போதும் மேடம்” என்று வந்து சொன்னாள்.

“அது கழிப்பறையை ஒட்டி இருக்கே. நாத்தம் வருமே.”

“நாத்தத்தை நான் தாங்கிக்குவேன் மேடம், சார் மூக்குதான் கஷ்டப்படும்” என்றாள் அவள். பூதக்கண்ணாடி, “ஜன்னலைத் திறந்து வச்சுக்கறோம்” என்றார். அதிகாரியம்மா அந்த அறை எண்ணுக்கு நேராக இருவரையும் எழுதிக்கொண்டார்.